பதினோராம் விசை



உங்கள் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினி ஒன்று இருந்தால், அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். விசைப்பலகையின் ஆக மேல் வரிசையில், எஃப் என்ற ஆங்கில எழுத்தும் 1 முதல் 12 வரை எண்களும் போட்ட சின்ன விசைகள் இருக்கும். பெற்றோரில் பலர் அந்த வரிசைப் பக்கமே போவதில்லை. பிள்ளைகள் போவார்கள். போய்விட்டு, "அம்மா, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று அடுப்படிக்கு ஓடி வருவார்கள்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அப்பாவின் கைப்பேசிதான் வகுப்பறை. அவ்வாண்டு நவம்பரில் அறிவித்த செர்டிக் திட்டத்தில் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் என்றார்கள். அப்படி வந்தவை சில, தவணைக்கு வாங்கியவை சில, யாரோ கொடுத்த பழையவை பல. எப்படியோ தோட்டத்து வீடுகளுக்குள்ளும் கணினி நுழைந்துவிட்டது. கணினி வந்தது, அதைப் பழுது பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கும் காசும் கூடவே வந்தது.

கிள்ளானுக்கு அப்பால் செம்பனைக் குலை வெட்டும் ஒரு தகப்பனார், ஒரு நாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மடிக்கணினி. இன்டர்நெட் வரவில்லை என்று பட்டணத்துக் கடையொன்றில் காட்டியிருக்கிறார். உள்ளே ஒரு பாகம் போய்விட்டது, மாற்ற 180 ரிங்கிட் ஆகும் என்றார்களாம். "கொடுக்கலாமா டீச்சர்? நீங்க சொன்னா கொடுத்திடறேன்" என்று கேட்டார். குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு 180 ரிங்கிட் எத்தனை குலை என்பது என்னைவிட அவருக்குத்தான் தெரியும். நான் திறந்து பார்த்தேன். மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசையில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் கம்பியில்லாத் தொடர்பு முழுவதும் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு தட்டுத் தட்டினேன். விளக்கு அணைந்தது, இன்டர்நெட் வந்தது. மனிதர் சிரிக்கவில்லை. "இதுக்கா?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரருக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்த விசைகளால் ஏன் இவ்வளவு குழப்பம் என்று கேட்பீர்கள். 'க' என்ற விசையைத் தட்டினால் 'க' வரும். அது தன் வேலையைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எஃப் விசைகள் அப்படியல்ல. "நான் ஐந்தாம் எண்", "நான் பதினோராம் எண்" என்று அவை தம் எண்ணை மட்டுமே சொல்லும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை வேறொருவர் எழுதி வைத்த அட்டவணைதான் தீர்மானிக்கும். என் அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள் இருந்தன. மேல் டிவிஷனில் மூன்று முறை மணி அடித்தால் பெரட்டுக்கு வா என்று அர்த்தம். கீழ் டிவிஷனில் அதே மூன்று அடிக்கு டிரெசர் வந்திருக்கிறார், மருந்து வாங்கிக்கொள் என்று அர்த்தம். கீழே இருந்து மேலே மாற்றலாகி வந்த ஒருவர், மருந்துப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்தில் போய் நின்ற கதையை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மணியில் என்ன கோளாறு? ஒன்றுமில்லை.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டிற்குப் பிறகு வந்த தமிழ்99 முறையில், ஆங்கில 'கே' எழுத்துள்ள விசையைத் தட்டினால் 'ம' வரும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒலிமுறையில் அதே விசை 'க்' தரும். பள்ளிக் கணினி அறையில் காலையில் ஓர் ஆசிரியர் ஒரு முறையில் வைத்துவிட்டுப் போவார். மதியம் வரும் பிள்ளை 'கல்' என்று தட்ட, திரையில் வேறு ஏதோ விழும். விசைப்பலகை உடைந்துவிட்டது என்று புகார் வரும்.

ஆனால் நான் எழுத வந்தது இந்தச் சின்னக் குழப்பத்தைப் பற்றி மட்டுமல்ல. என்னிடம் நான்காம் ஆண்டு படித்த பெண் ஒருத்திக்கு இதே சங்கதி வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அவள் பெயரையோ, நிறுவனத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை.

அவள் சைபர்ஜெயாவில் இரவு வேலை பார்க்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்த அறையில் தங்கியிருக்கிறாள். கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகும். பக்கத்திலிருக்கும் புத்ராஜெயா முன்பு பிராங் பெசார் தோட்டமாக இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அங்கிருந்த தோட்டத்து மக்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பிய கதையும் தெரிந்ததுதான். இவளுடைய பாட்டி அங்கே மரம் வெட்டியவர். அது தனிக் கதை, விட்டுவிடுகிறேன்.

அவள் பார்ப்பது பெருங்கணினி வேலை. பண விவகாரங்களைக் கவனிக்கும் பெரிய நிறுவனங்களில் நம் மேசைக் கணினி போல ஆளுக்கொன்று இருந்தாலும், கணக்கையெல்லாம் போடுவது ஒரே ஒரு பெரிய இயந்திரம். அதைக் கட்டுப்படுத்துகிறவர்கள் உட்காரும் திரைக்கும் விசைப்பலகைக்கும் கன்சோல் என்று பெயர். ஒரே இயந்திரத்துக்குப் பல கன்சோல்கள் இருக்கும். ஒரு தோட்டத்துக்குப் பல மண்டோர்கள் இருப்பதில்லையா, அதுபோல. ஐபிஎம் நிறுவனம் 1971இல் கொண்டுவந்த 3270 வகைத் திரைகளில் இதற்கென்றே நிரலுக்கேற்ப மாறும் விசைகளை வைத்தார்கள். முதலில் 12, பிறகு 24. பி.எஃப். விசைகள் என்பார்கள். நீளமான கட்டளையை ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்காமல், ஒரு விசைக்குள் அதைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

இவளுடைய அறையில் நான்கு கன்சோல்கள். அவள் வழக்கமாக உட்காருவது முதலாவதில். அங்கே பதினோராம் விசையைத் தட்டினால், பதிலுக்காகக் காத்திருக்கும் செய்திகளின் பட்டியல் திரையில் வரும். பார்ப்பதற்கு மட்டும்தான், எதையும் மாற்றாது. ஓர் இரவில் ஐம்பது தடவையாவது தட்டுவாளாம். விரல் தானாகவே போகும்.

ஒரு நாள் இரவு முதல் கன்சோலின் திரை பழுதாகி, அவளை மூன்றாவதில் உட்காரச் சொன்னார்கள். விடியற்காலை இரண்டே முக்கால் மணிக்கு, வழக்கம்போல விரல் பதினோராம் விசைக்குப் போனது. பட்டியல் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலை நின்றுவிட்டது. மறுபடி கிளப்பிச் சரிசெய்ய நாற்பது நிமிடம் பிடித்தது. காலையில் போக வேண்டிய அறிக்கை தாமதமாகப் போனது. பணம் எதுவும் தொலையவில்லை, கணக்கும் தப்பவில்லை. ஆனாலும் மறுநாள் அவள் கையில் கடிதம்: கவனக் குறைவாக நிறுத்தக் கட்டளை கொடுத்தது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் அவளுக்கு அது ஐந்தாவது மாதம்.

"நான் அந்தக் கட்டளையைக் கொடுக்கவே இல்லை டீச்சர்" என்று தொலைபேசியில் அழுதாள். வெள்ளிக்கிழமை மாலை கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் பின் மேசையில், அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எனக்குப் பெருங்கணினி தெரியாது. ஆனால் முப்பத்தைந்து பிள்ளைகளில் யார் சன்னலை உடைத்தது என்று கண்டுபிடிக்கிற வேலை இருபது ஆண்டுகளாகத் தெரியும். முதலில், "ஆளைப் பற்றிப் பேசாதே, விசையைப் பற்றிப் பேசு" என்றேன். நீ தட்டியது பதினொன்று, சரி. அந்தப் பதினொன்று உன் விரலிலிருந்து பெரிய இயந்திரத்துக்குப் போகிற வழியில் எத்தனை பேர் அதைக் கையில் வாங்குகிறார்கள்?

அவள் யோசித்துச் சொன்னாள். இப்போதெல்லாம் கன்சோல் என்பதும் சாதாரண மேசைக் கணினிதான். பழைய 3270 திரையைப்போல நடிக்கும் ஒரு மென்பொருள் அதில் ஓடும். ஆகவே முதலில் மேசைக் கணினி எஃப் 11ஐ வாங்குகிறது. அதிலுள்ள விசை அட்டவணை அதை பி.எஃப். 11 என்று மாற்றி அனுப்புகிறது. ஷிஃப்ட் விசையோடு எஃப் 1ஐத் தட்டினால் பி.எஃப். 13 என்று போவதும் அந்த அட்டவணையால்தான். பிறகு பெரிய இயந்திரம் அதை வாங்கி, இந்தக் கன்சோலுக்குப் பதினொன்று என்றால் என்ன கட்டளை என்று தன்னிடமுள்ள இன்னோர் அட்டவணையில் பார்க்கிறது. ஆக, இடையில் இரண்டு அட்டவணைகள். அதிலும் பெரிய இயந்திரத்திலுள்ளது எல்லாருக்கும் பொதுவானதல்ல. ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனியாக வைக்கலாம்.

"அப்படியானால் மூன்றாம் கன்சோலில் பதினொன்றுக்கு என்ன எழுதியிருக்கிறது?" என்றேன்.

"நாளைக்குத் தட்டிப் பார்க்கிறேன் டீச்சர்."

நான் பயந்தே போனேன். வேலையை நிறுத்துகிற விசையைச் சோதனைக்கென்று இன்னொரு முறை தட்டினால் இரண்டாவது கடிதம் வரும். தட்டாமல் பார்க்க வழியில்லையா என்று கேட்டேன். இருந்தது. விசைகளில் என்னென்ன போட்டிருக்கிறது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. 'டி' தட்டி, இடம் விட்டு, பி.எஃப்.கே. என்று தட்டினால் போதும். அடுத்து காற்புள்ளி வைத்து, சி.என். சமக்குறி, வேறொரு கன்சோலின் பெயர் என்று சேர்த்தால், அந்தக் கன்சோலின் விசைகளையும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அவளுக்கு அது தெரியும். பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவள் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைச் சோற்றிலிருந்து கையை எடுக்க வைத்தது. விசைகளின் அர்த்தத்தை இரண்டு விதமாக மாற்றலாமாம். இயந்திரத்தின் நிரந்தரக் கோப்பில் எழுதி வைப்பது ஒன்று. கன்சோலில் உட்கார்ந்தபடியே ஒரு கட்டளையால் மாற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது, கரும்பலகையில் எழுதியதுபோல. இயந்திரத்தை அடுத்த முறை நிறுத்தித் துவக்கும்போது அழிந்து, பழைய அட்டவணையே திரும்ப வந்துவிடும்.

"எப்போது நிறுத்தித் துவக்குவார்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, டீச்சர். மாதம் ஒரு தடவை."

அன்று வெள்ளிக்கிழமை. யாரோ கன்சோலிலிருந்தபடி மாற்றியிருந்தால், ஞாயிறு காலையில் பதினோராம் விசை நல்ல பிள்ளையாகப் பட்டியலைக் காட்டத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை இவள், "அந்த விசைதான் நிறுத்தியது" என்று சொன்னால், அதிகாரி தட்டிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். ஸ்டோரில் பால் நிறுத்த பிறகு எடையைப் பற்றி வாக்குவாதம் செய்த யாருக்கும் இது புரியும். பால் தொட்டியில் ஊற்றும் வரையில்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. ஊற்றியானதும் கிராணி எழுதியதே கணக்கு.

அவள் கைப்பேசியில் படம் பிடிக்கலாம் என்றாள். அந்த அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகவே அனுமதியில்லை என்பது அடுத்த நொடியே அவளுக்கு நினைவு வந்தது. விதியை மீறி எடுத்த படம் அவளுக்கே எதிராகத் திரும்பும். வேண்டாம் என்றேன். நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டிலேயே அது ஏற வேண்டும், மேலதிகாரியின் கண்முன்னால் ஏற வேண்டும். பெருங்கணினியில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தக் கன்சோலிலிருந்து எந்த மணிக்கு என்ன கட்டளை வந்தது என்பதை அது வரி வரியாக ஒரு பதிவில் எழுதிக்கொண்டே போகும். அவர்கள் இடத்தில் கட்டளைகளுக்கு வந்த பதில்களும் அதில் ஏறுகின்றனவாம்.

கடைச் சீட்டின் பின்புறத்தில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: விசையைத் தட்டாதே. இரவு அதிகாரியைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நான்கு கன்சோல்களின் விசை அட்டவணைகளையும் திரையில் காட்டு. பதினொன்றை ஒப்பிடு. வேறாக இருந்தால், மேசைக் கணினியின் அட்டவணையையும் திறந்து காட்டு, பழி எந்த அட்டவணையில் என்று சந்தேகம் நிற்கக் கூடாது. பிறகு பதிவில் பின்னோக்கித் தேடு. பார்த்ததையெல்லாம் பணி ஒப்படைப்புப் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கு.

கையெழுத்துக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினாள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் லயத்துச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். மாதக் கடைசியில் செக்ரோலில் இரண்டு நாள் குறைந்தால், கிராணியைக் கூட்டிவந்து சுவரைக் காட்டுவார். அவருக்கு மரியாதை குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை இரவு அவள் அப்படியே செய்தாள். முதல், இரண்டாம், நான்காம் கன்சோல்களில் பதினொன்று ஒன்றுபோலவே இருந்தது. மூன்றில் மட்டும் நிறுத்தக் கட்டளை. மேசைக் கணினியின் அட்டவணை நான்கிலும் ஒன்றே, அங்கே குறையில்லை. பதிவைத் தேடியதில், ஒன்பது நாளுக்கு முன் ஒரு பிற்பகலில், அதே மூன்றாம் கன்சோலிலிருந்து பதினோராம் விசையை மாற்றிய கட்டளை கிடைத்தது. அன்று பகல் வேலையில் இருந்தவர், சாயங்காலம் நிறுத்த வேண்டிய ஒரு வேலைக்கு வசதியாக அதை அங்கே போட்டுவிட்டு, சொல்லாமல் எழுதாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். இரவில் மூன்றாம் கன்சோலில் யாரும் உட்காராததால் இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இந்த விசைகளை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, தட்டியதும் கட்டளையைத் திரையின் கீழ் வரியில் எழுதிக் காட்டிவிட்டு, நீங்கள் 'என்டர்' தட்டும் வரை காத்திருக்கும். மற்றொன்று, தட்டிய உடனே செய்துவிடும். அந்த மனிதர் இரண்டாவது விதமாக வைத்திருந்தார். முதல் விதமாக வைத்திருந்தால், அவள் வரியைப் படித்து விலகியிருப்பாள். பார்க்க மட்டும் உதவும் கட்டளை உடனே ஓடலாம். நிறுத்துவது, அழிப்பது போன்றவை ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். இதைச் சொல்ல ஒரு பெண் அழ வேண்டியிருந்தது.

கடிதத்துக்கு அவள் எழுதிய விளக்கம் ஒன்றரைப் பக்கம். யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. நேரமும் கன்சோல் எண்ணும் கட்டளையும் மட்டும். வாய்மொழியாக, "சரி, மறந்துவிடு" என்றார்கள். மறக்கவில்லை. கடிதம் திரும்பப் பெறப்பட்டது என்று எழுத்தில் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டாள். மூன்று வாரம் கழித்து வந்தது. அடுத்த மாதம் வேலையும் நிரந்தரமானது. விசையை மாற்றியவருக்கு என்ன ஆனதென்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லையாம். எனக்கு அதில் இன்னமும் மனத்தாங்கல் உண்டு; அவளுக்கு இல்லை. "அவரும் நைட் ஷிஃப்ட் பார்த்த ஆளுதான் டீச்சர்" என்றாள்.

இனி, பக்கத்தில் வைத்திருக்கும் உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். அதில் 'எஃப்.என்.' என்று எழுதிய விசை ஒன்று பெரும்பாலும் கீழ் இடது மூலையில் இருக்கும். அதுவும் ஓர் அட்டவணைதான். அது ஒரு பக்கம் இருந்தால் மேல் வரிசை சத்தம், வெளிச்சம், விமானம் என்று வேலை செய்யும். மறுபக்கம் இருந்தால் எஃப் 1, எஃப் 2 என்று எண் சொல்லும். பல மடிக்கணினிகளில் எஃப்.என். விசையோடு இடது மேல் மூலையிலுள்ள 'எஸ்க்' விசையைச் சேர்த்துத் தட்டினால் பக்கம் மாறும். பள்ளிகளில் பார்க்கும் குரோம்புக் வகையில் எஃப் எண்களே அச்சடித்திருக்காது. தேடல் விசையை அழுத்திக்கொண்டு மேல் வரிசையைத் தட்டினால் அவை எஃப் விசைகளாகும். அம்புக்குறி திடீரென்று நகரவில்லையா? தொடுபலகையை அணைக்கும் விசை மேல் வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்நெட் இல்லையா? விமானத்தைப் பாருங்கள். சத்தமில்லையா? குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கிப் படத்தைத் தேடுங்கள். வேறொரு விசைப்பலகையை இரவல் வாங்கிச் சொருகிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைப் பிள்ளையின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் கடைக்குப் போங்கள். அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.

அந்த அறையில் இப்போது நான்கு கன்சோல்களுக்கும் ஒரே அட்டவணையை நிரந்தரக் கோப்பில் ஏற்றிவிட்டார்களாம். ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் விசைப் பட்டியல் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் இவள்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் இரவு அதைப் படித்துக் காட்டுவதும் இவள் பொறுப்பு. பதினோராம் விசைக்கு மட்டும் அவள் இன்னும் விரலைக் கொண்டுபோவதில்லை. அந்தக் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டுகிறாள்.